தெருப் பெயர்ப் பலகை: எனாமல் தகடா, ரிஃப்ளெக்டிவ் ஷீட்டா?

நீலத்தகடு:
தெருப் பெயர்ப் பலகை என்று பேச்செடுத்தாலே அலுமினியத் தகடு, அதன்மேல் ரிஃப்ளெக்டிவ் ஷீட் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நெடுஞ்சாலைக்குப் பொருந்துவது தெருமுனைக்கும் பொருந்தியாக வேண்டுமா என்ன?

என் ஓட்டு எனாமல் தகட்டுக்கு. டப்பாவில் வரும் எனாமல் பெயிண்டைச் சொல்லவில்லை. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடிப் பொடியைப் படியவைத்து, சுமார் 800 டிகிரி சூட்டில் சூளையில் உருக்கிப் பிடிக்கவைப்பார்களே, அது. நிறம் கண்ணாடிக்குள்ளேயே இருப்பதால் வெயில் அதை வெளுக்க வைப்பதில்லை. பாரிஸ் நகரம் 1844-ல் நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து என்று முடிவுசெய்தது. இன்றைக்கும் அங்கே சுவர்களில் அந்தச் சாயல்தான். ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் மறுபடியும் பளிச்சென்று ஆகிவிடும்.

இன்னொன்று. ரிஃப்ளெக்டிவ் ஷீட் ஒளியை எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புகிறது. அதனால் அதன் பலன் முழுக்க ஹெட்லைட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். நடந்து வருபவருக்கும், தெருவிளக்கின் கீழ் நின்று வீடு தேடுபவருக்கும் அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தெருப் பெயரை அதிகம் படிப்பவர்கள் இவர்கள்தானே?

இரவோட்டி:
அதிகம் படிப்பவர் யார் என்று பார்க்காதீர்கள் ஐயா, அவசரமாகப் படிப்பவர் யார் என்று பாருங்கள். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் பகல் பார்த்து வருவதில்லை. நான் இரவில் வண்டி ஓட்டிப் பிழைப்பவன். திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டியபின் பெயர் தெரிந்து என்ன லாபம்?

கணக்கைப் பார்ப்போம். அமெரிக்கப் போக்குவரத்துப் பலகைக் கையேட்டின் 2009 பதிப்பு, ஓர் அங்குல உயரமுள்ள எழுத்தை 30 அடி தூரத்திலிருந்து படிக்கலாம் என்று எடுத்துக்கொள்கிறது. முந்தைய பதிப்பில் அது 40 அடி. 30 என்பதை வைத்துக் கணக்கிட்டால் 100 மி.மீ. எழுத்தைச் சுமார் 36 மீட்டரில் படிக்க முடியும். 50 கி.மீ. வேகத்தில் 36 மீட்டரைக் கடக்க 2.6 வினாடி. அதற்குள் பலகையைக் கண்டுபிடித்து, படித்து, கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பிரேக் பிடிக்க வேண்டும். எழுத்து 60 மி.மீ. என்றால் ஒன்றரை வினாடிதான். சுவரில் அறையும் எனாமல் தகடுகளில் இந்த அளவுதான் பெரும்பாலும் வரும்.

எனாமலின் பளபளப்பும் இரவில் எதிரிதான். முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி, சாய்வாக விழும் ஹெட்லைட் ஒளியை அது வேறு பக்கம் தள்ளிவிடும். ஓட்டுநருக்குத் தெரிவது ஒரு கரிய சதுரம். நீங்கள் சொல்லும் நீலமும் வெள்ளையும் விடிந்த பிறகுதான் தெரியும்.

துருவன்:
பலகை மாட்டும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சில விஷயம்.

எனாமல் வெயிலுக்கு அசையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடிக்கு அசையும். ஒரு கல் பட்டால் போதும், சில்லு பெயரும். அந்த இடத்தில் இரும்பு வெளியே தெரியும், துரு பிடிக்கும். அந்தத் துரு அங்கேயே நிற்காமல் எனாமலுக்கு அடியில் ஊர்ந்து அக்கம்பக்கத்தையும் பெயர்க்கும். பெரும்பாலும் இது தொடங்குவது திருகாணித் துளையில்தான். துளையைச் சூளைக்குப் போகும் முன்பே போட்டுவிட வேண்டும். பொருந்தவில்லை என்று இடத்தில் வைத்துத் துளைபோட்டால் அன்றைக்கே அந்தத் தகட்டின் ஆயுள் எண்ணப்பட ஆரம்பிக்கிறது. திருகாணியை முழுப் பலத்தோடு இறுக்கினாலும் துளையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி விரிசல் விழும். அடியில் ஒரு நைலான் வாஷர் வைத்து, தகடு ஆடாத அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும்.

அலுமினியத்தில் சிவப்புத் துரு கிடையாது. ஆனால் அதிலும் சாதாரண இரும்பு போல்ட்டைப் போடுகிறார்கள். உப்புக்காற்று வீசும் இடத்தில் இரண்டு உலோகமும் தொடும் இடம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். துருப்பிடிக்காத எஃகு போல்ட், நடுவே நைலான் வாஷர், இதற்கு மாற்றே இல்லை. ஷீட் ஒட்டிய பலகையில் வாஷர் இல்லாமல் போல்ட்டை முறுக்கினால் ஷீட்டும் சேர்ந்து முறுகிக் கிழியும். அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் இறங்கும்.

ஷீட்டின் ஆயுளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கண்ணாடிமணி பதித்த சாதாரண ரகத்துக்கு 7 ஆண்டு, நுண்ணிய பட்டகங்கள் (ப்ரிஸம்) பதித்த ரகத்துக்கு 10 ஆண்டு, சிலவற்றுக்கு அதற்கும் கொஞ்சம் மேலே. அதன்மேல் சிவப்பு மையில் அச்சடித்தால் மற்ற நிறங்களுக்கு முன்பே அது வெளுத்துவிடும். ஃப்ளெக்ஸ் பற்றி யாரும் கேட்க வேண்டாம், அது திருவிழாவுக்கானது.

எழுத்துத்தச்சன்:
நீங்கள் மூவரும் தகட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். எழுத்து எந்தத் தகட்டிலும் ஒரே மாதிரி தெரியும் என்ற நினைப்பு அடியில் ஓடுகிறது. அது தவறு.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பலகைகளுக்கான கிளியர்வியூ எழுத்துருவின் கதையைப் பாருங்கள். இரவில் பழைய எழுத்துகளின் உள்வெளி, அதாவது கோடுகளுக்கு உள்ளே இருக்கும் வெற்றிடம், ஒளி கசிந்து அடைபடுகிறது என்று, உள்வெளியை அகலமாக்கி அதை வரைந்தார்கள். 2004-ல் தற்காலிக அனுமதி கிடைத்தது. 2016-ல் அரசு நெடுஞ்சாலை நிர்வாகம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆரம்பத்தில் கண்ட முன்னேற்றத்தில் பெரும்பகுதி எழுத்தால் வந்ததல்ல, தேய்ந்த பழைய பலகைக்குப் பதிலாகப் பளிச்சென்ற புது ஷீட் வந்ததால் வந்தது என்பது அவர்கள் வாதம். வெளிர் பின்னணியில் கரிய எழுத்தாகப் போட்டபோது பழைய எழுத்தைவிட மோசமாகவே இருந்தது. 2018-ல் மீண்டும் அனுமதி கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். எழுத்தையும் பொருளையும் தனித்தனியாக எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பிரிட்டனில் சாலைப் பலகைகளை வடிவமைத்த ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வர்ட்டும் இதை முதலிலேயே யோசித்தார்கள். அவர்களுடைய டிரான்ஸ்போர்ட் எழுத்துருவுக்கு இரண்டு தடிமன். கரிய பின்னணியில் வெள்ளை எழுத்துக்கு ஒல்லியானது, வெளிர் பின்னணியில் கறுப்பு எழுத்துக்குத் தடித்தது. வெள்ளை தன் எல்லையைத் தாண்டிப் படர்வதாகக் கண்ணுக்குத் தெரியும் என்பதால் அப்படி.

தமிழில் இந்தப் படர்வு இன்னும் கெடுதல் செய்யும். நம் எழுத்தில் வேற்றுமை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எ, ஏ இரண்டையும் பிரிப்பது கீழே ஒரு சின்னக் கோடு. ஒ, ஓ இரண்டுக்கும் கடைசிச் சுழி. கி, கீ இரண்டுக்கும் மேலே ஒரு வளையம். கெ, கே இரண்டுக்கும் கொம்பின் வடிவம். ன, ண என்றால் எத்தனை சுழி என்பதுதான் கணக்கு. எல்லாமே எழுத்தின் ஓரத்தில், மிகச் சிறிய இடத்தில். பட்டக ரக ஷீட்டில் வெள்ளை எழுத்தைத் தடிமனாக வெட்டி ஒட்டினால் ண-வின் சுழிகள் இரவில் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி, எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும். நான் வரையும்போது புள்ளியின் விட்டத்தைக் கோட்டின் தடிமனுக்குக் குறையாமல் வைப்பேன். புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே இன்னொரு கோடு நுழையும் அளவுக்கு இடம் விடுவேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புள்ளி பறப்பது மாதிரி இருக்கும். தூரத்தில் சரியாக உட்காரும்.

நீலத்தகடு:
பிரிட்டன் கதையை முழுதாகச் சொல்லுங்கள். அதே காலத்தில் டேவிட் கிண்டர்ஸ்லி என்ற கல்வெட்டுக் கலைஞர் முனைவைத்த (செரிஃப்) ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் (கேப்பிடல்) ஒரு வடிவம் செய்தார். சாலை ஆய்வுக்கூடச் சோதனையில் கொஞ்சம் முன்னால் நின்றது அதுதான். ஆனாலும் தேர்வானது டிரான்ஸ்போர்ட். அறிவியல் என்ற பெயரில் தங்கள் ரசனையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கையால் எழுதியவரின் அனுபவத்துக்கு மதிப்புக் கொடுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

எழுத்துத்தச்சன்:
முன்னால் நின்றது உண்மை, சுமார் 3 விழுக்காடு. அந்த அளவுக்கு நெருங்கி வந்த பிறகு தோற்றத்தைப் பார்த்து முடிவெடுத்ததில் எனக்குக் குறை தெரியவில்லை. கைவேலைக்கு நான் எதிரியும் இல்லை. பலகை எழுதிய பழைய ஆட்கள் பெயரின் நீளத்தைப் பார்த்து எழுத்தின் அகலத்தை மனதிலேயே கணக்கிட்டு வைத்தார்கள். இப்போது என்ன நடக்கிறது? நீளமான பெயர் வந்தால் கணினியில் பக்கவாட்டில் அமுக்கிவிடுகிறார்கள். அமுக்கினால் படுக்கைக் கோடுகள் அப்படியே இருக்க, நிற்கும் கோடுகள் மட்டும் மெலியும், சுழிகள் ஊசித்துளை ஆகும். அதற்குப் பதில் பலகையை அகலமாக்கலாம். அல்லது பின்னொட்டாக வரும் தெரு, சாலை என்பதைச் சிறிதாக எழுதலாம். தேடுகிறவர் தேடுவது அதற்கு முன்னால் இருக்கும் பெயரைத்தான்.

எழுத்துகளுக்கு இடையே இடம் விடுவதிலும் ஒரு எச்சரிக்கை. தூரப் பார்வைக்கு இடைவெளி கூட வேண்டும் என்பது சரி. ஆனால் கொம்பை அதன் எழுத்திலிருந்து பிரித்துவிட்டால், அது முன்னெழுத்தைச் சேர்ந்ததா பின்னெழுத்தைச் சேர்ந்ததா என்று கண் தடுமாறும். காலும் அப்படித்தான், தனியாக நின்றால் ர போலத் தெரியும். உயிர்மெய்யை ஒரே துண்டாக வைத்து, துண்டுகளுக்கு நடுவேதான் இடம் விட வேண்டும்.

மங்கல்பார்வை:
எனக்குக் கண்புரை. நடந்துதான் போகிறேன். அதனால் நீலத்தகடு சொல்வதில் பாதி எனக்காகவே சொன்னது மாதிரி இருந்தது. ஆனால் பளபளப்பு விஷயத்தில் இரவோட்டி பக்கம். பகலிலும் மினுமினுப்பான தகட்டில் வானம் பளிச்சிடும்போது எழுத்தே தெரியாது. தலையைச் சாய்த்து, இரண்டு அடி நகர்ந்து, கோணம் தேட வேண்டியிருக்கிறது. மங்கலான பூச்சு வேண்டும்.

பெரிய வெள்ளைப் பின்னணியும் எனக்குக் கூசும். கரும்பின்னணியில் வெளிர் எழுத்து எனக்கு நிம்மதி. நிறத்தைவிட எது வெளிச்சம், எது இருட்டு என்ற வேறுபாடு முக்கியம். சிவப்பில் பச்சை எழுத்து நல்ல கண்ணுக்குப் பளிச்சென்று தெரியலாம். கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், எழுத்து எங்கே போனதென்று தேடுவீர்கள். அப்புறம் உயரம். கம்பத்தின் உச்சியில் இருக்கும் பெயர் வண்டிக்காரருக்கு. கிட்டே போய் நின்று படிக்க எனக்கு வழியே இல்லை.

இரவோட்டி:
கூச்சம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். அதற்கு ஷீட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, ரகத்தை மாற்றினால் போதும். விளக்கு நிறைந்த தெருவுக்கு மிக அதிகமாகத் திருப்பியடிக்கும் ரகம் தேவையில்லை. பின்னணியும் ஷீட்டாகவே இருக்கட்டும், ஆனால் கருநீலத்திலோ கரும்பச்சையிலோ. எழுத்து மட்டும் ரிஃப்ளெக்டிவ், பின்னணி சாதா பெயிண்ட் என்று செய்தால் இரவில் பலகையின் உருவமே மறைந்து எழுத்து மட்டும் இருட்டில் தொங்கும். அது தெருப்பலகை என்றே பிடிபடாது.

லாரிக்காரர்களையும் மறக்க வேண்டாம். அவர்கள் கண் ஹெட்லைட்டைவிட வெகு உயரத்தில் இருக்கிறது. திரும்பி வரும் ஒளியில் கார்க்காரருக்குக் கிடைப்பதைவிட அவர்களுக்குக் கிடைப்பது குறைவு. பெரிய வண்டிகள் அதிகம் நுழையும் சாலையில் கொஞ்சம் உயர்ந்த ரகம் போட்டால் தப்பில்லை.

நீலத்தகடு:
அப்படியானால் மூலையில் கம்பத்துக்கு உங்கள் பலகை, சுவரில் கண் உயரத்துக்குச் சற்று மேலே மங்கல் பூச்சு எனாமல். தெருவுக்குள் பாதி தூரம் வந்தபின் எந்தத் தெரு என்று சந்தேகப்படுபவருக்குக் கம்பத்துப் பலகை உதவாது. சுவர்த் தகடு வேண்டும் என்பதில் நான் இறங்கி வரமாட்டேன்.

இரவோட்டி:
எனக்குப் பயம் வேறு. ஒரே தெருவுக்கு இரண்டு பலகை, இரண்டு இடத்தில் செய்தால் இரண்டு எழுத்துக்கூட்டல் வரும். ஒன்றில் ஒற்று இருக்கும், மற்றதில் இருக்காது. வழிகாட்டிச் செயலியில் மூன்றாவதாக ஒன்று. அவசரத்தில் அது ஒரே தெருவா, வேறு தெருவா என்று யாரைக் கேட்பது?

எழுத்துத்தச்சன்:
அதற்கு வழி உண்டு. பெயரைத் தட்டச்சு செய்து இரு பட்டறைக்கும் அனுப்பக் கூடாது. பட்டறைக் கணினியில் பழைய எழுத்துருக் குறியீடு இருந்தால் யூனிகோடில் அனுப்பியது சிதறும், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்காரும், யாரோ கையால் திருத்துவார்கள், பிழை அங்கேதான் நுழையும். எழுத்தைக் கோட்டு வடிவமாக மாற்றி, ஒரே கோப்பை இருவருக்கும் கொடுங்கள். உயரத்தை அளக்கும் இடத்தையும் அதிலேயே குறித்துவிடுங்கள். 100 மி.மீ. என்றால் ப, ட போன்ற எழுத்தின் உடல் உயரம். கீ-யின் உச்சியிலிருந்து கு-வின் அடிவரை அளந்தால் உடலுக்குப் பாதிதான் மிஞ்சும், பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்து அதைவிடப் பெரிதாகத் தெரியும். இரவோட்டி போட்ட 36 மீட்டர் கணக்கும் அப்போது பொய்த்துப்போகும்.

துருவன்:
அந்தக் கோப்பில் துளையின் இடத்தையும் குறித்து அனுப்புங்கள் தம்பி. எழுத்துக்கு நடுவில் திருகாணித் தலை வந்து புள்ளியாக உட்கார்ந்த பலகைகள் பல பார்த்திருக்கிறேன். துளை நாலும் மூலையில், ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி, எழுத்து தொடாத இடத்தில். மொத்தமாக அடிக்கும் முன் காகிதத்தில் முழு அளவில் ஒன்று அச்சடித்து அந்தக் கம்பத்திலேயே கட்டிப் பார்க்கலாம், எழுத்தின் அளவு பிடிபடும். ஷீட் ரகத்துக்கு ஒரு மாதிரித் துண்டை வாங்கி, இருட்டியபின் காரிலிருந்தும் லாரியிலிருந்தும் பாருங்கள். மங்கல்பார்வை ஐயாவையும் நடக்கவிட்டுக் கேளுங்கள்.