டி கௌப் பக்கம் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஃபெயனோர்ட் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தெற்குக்கரை:

நெதர்லாந்தில் ரோட்டர்டாமுக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. வீடு ஆற்றுக்குத் தெற்கே, ஃபெயனோர்ட் கால்பந்து கிளப்பின் மைதானத்துக்கு நடந்தால் இருபது நிமிடம். முதல் இரண்டு வருடம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, மேட்ச் நாளில் டிராமில் கால் வைக்க இடம் கிடைக்காது என்ற எரிச்சல்தான் இருந்தது. எதிர்வீட்டில் ஒரு பெரியவர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், 1934இல் பிறந்தவர். ஒரு பிப்ரவரி ஞாயிறு காலை கதவைத் தட்டி, மகனுக்குக் காய்ச்சல், ஒரு சீட் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்றார். எதிரணி யார் என்றுகூடக் கேட்காமல் கிளம்பிவிட்டேன்.

மைதானத்தின் பெயர் டி கௌப். 'தொட்டி' என்று அர்த்தம். (அந்த டச்சு ஓசை எனக்கு இன்னும் சரியாக வராது, எழுத்திலும் வராது, மன்னிக்கவும்.) உள்ளே போனதும் ஏன் தொட்டி என்று புரிந்துவிட்டது. இரண்டு அடுக்கு இருக்கைகள் சுற்றி வளைத்து நிற்கின்றன, மேலடுக்கு தூணே இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது, எங்கே உட்கார்ந்தாலும் எதுவும் மறைக்காது. 1937இல் திறந்த கட்டடம் என்றால் நம்பவே முடியவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் வான் நெல்ல ஆலையைக் கட்டிய அதே பிரிங்க்மன், வான் டர் விளுக்ட் கட்டடக்கலைஞர் ஜோடிதான் இதையும் வரைந்தார்களாம். கோல் விழுந்தபோது மொத்தக் கூட்டமும் ஒரே தாளத்தில் குதிக்க, என் காலுக்குக் கீழே கான்கிரீட் நிஜமாகவே ஆடியது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பெரியவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், "பயப்படாதே, என் வயசுதான் இதுக்கும்" என்றார்.

ஜெர்சி பாதி சிவப்பு, பாதி வெள்ளை, கால்சட்டை கறுப்பு. 12ஆம் எண்ணை எந்த ஆட்டக்காரருக்கும் கொடுப்பதில்லை, அது ரசிகர்களுக்கு ஒதுக்கியது. ரசிகர் கூட்டத்துக்கு 'லெகியூன்', அதாவது படை, என்று பெயர். அப்புறம் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நீங்கள் எழுதுங்கள்.

கப்பல்காரன், தூத்துக்குடி:

நான் பார்த்தது வெளியிலிருந்து மட்டும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது ஒரு கன்டெய்னர் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். ரோட்டர்டாம் துறைமுகம் என்று பெயர்தானே தவிர, பெரிய கப்பல்கள் வந்து நிற்கிற மாஸ்விளாக்டெ கடலோரத்தில் இருக்கிறது, அங்கிருந்து ஊருக்குள் வர நாற்பது கிலோமீட்டர். ஷோர் லீவ் கிடைத்ததே ஐந்தரை மணி நேரம். வேன் ஓட்டியவர் கேப் வெர்டி குடும்பத்துக்காரர், அப்பா இந்த ஊருக்கு மாலுமியாக வந்து தங்கிவிட்டவர். அந்தத் தீவுக்காரர்கள் ரோட்டர்டாமில் நிறையப் பேர், எல்லாம் கப்பல் வழியாக வந்து வேர் விட்டவர்கள். நானும் கப்பல்காரன் என்றதும் மனுஷர் வண்டியை நேரே மைதானத்துக்குத் திருப்பிவிட்டார். நான் சிம் கார்டு வாங்கத்தான் கிளம்பியிருந்தேன்.

அன்றைக்கு மேட்ச் இல்லை. பூட்டிய கேட்டுக்கு வெளியே கூன் முலெய்ன் சிலை. இடது ஓரத்தில் ஓடிய அந்தக் காலத்து விங்கர். அந்தச் சிலை அருகே நின்றுகொண்டு 1970ஐச் சொன்னார் பாருங்கள், நேற்று நடந்த மாதிரி. மிலானில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரே ஸ்காட்லாந்தின் செல்டிக். மூன்று வருடம் முன்பு அதே கோப்பையை ஜெயித்தவர்கள், அவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று எல்லாரும் சொன்ன ஆட்டம். செல்டிக் முதல் கோல், ரினுஸ் இஸ்ரயேல் தலையால் முட்டிச் சமன், அப்புறம் கூடுதல் நேரம் முடிய மூன்றே நிமிடம் இருக்கும்போது ஸ்வீடன்காரர் ஓவ கிண்ட்வால் கோல்கீப்பர் தலைக்கு மேல் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டார். 2–1. ஐரோப்பியக் கோப்பையை முதலில் ஜெயித்த டச்சு கிளப் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸ் இல்லை, இவர்கள். இதை அவர் மூன்று தரம் சொன்னார்.

எனக்குப் பிடித்தது கண்ணாடிக் கதைதான். அதே வருடம் உலக கிளப் கோப்பைக்கு அர்ஜென்டினாவின் எஸ்டூடியான்டெஸ் அணியோடு இரண்டு ஆட்டம். அங்கே 2–2. இங்கே டி கௌப்பில் யோப் வான் டாலெ என்று ஒரு மாற்று ஆட்டக்காரர், மூக்குக்கண்ணாடி போட்டு ஆடுகிறவர், தூரத்திலிருந்து ஒரே அடி, 1–0. கடுப்பான எதிரணிக்காரர்கள் அவர் கண்ணாடியைப் பிடுங்கி உடைத்துவிட்டார்கள். உடைத்து என்ன, கோல் போட்டாயிற்றே! வேன்காரர் தன் கண்ணாடியைக் கழற்றி எனக்கு நடித்துக் காட்டினார். சிம் கார்டு வாங்கவில்லை, வீட்டில் திட்டு.

ஐண்ட்ஹோவனிலிருந்து ஒருவன்:

நான் எதிர்முகாம். பிஎஸ்வி. இந்த ஊருக்கு வேலைக்கு வந்தால் வேறு வழி கிடையாது. பிலிப்ஸ் தொழிலாளிகளுக்காக 1913இல் தொடங்கிய கிளப், மைதானத்தின் பெயரும் பிலிப்ஸ்தான்.

2010 அக்டோபர் 24, எங்களுக்கும் ஃபெயனோர்டுக்கும் ஆட்டம். நான் வந்து ஐந்து மாதம். ஆபீஸ் நண்பன் ஒருவன் ரோட்டர்டாம்காரன், ஃபெயனோர்ட் வெறியன். அவனோடு பந்தயம் கட்டி மதுக்கடை டிவியில் பார்த்தேன். இடைவேளைக்கு நாங்கள் 2–0 முன்னால் இருக்கும்போதுகூட அவன் பேசிக்கொண்டுதான் இருந்தான், இத்தனைக்கும் அவர்கள் ஆள் ஒருவரைச் சிவப்பு அட்டை காட்டி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் விழ ஆரம்பித்தது. ஆறு, ஏழு, எட்டு. கடைசியில் 10–0. எனக்கே ஒரு கட்டத்தில் போதும் என்று ஆகிவிட்டது. பந்தயக் காசைக் கேட்க மனசு வரவில்லை. திங்கள்கிழமை காலை அவன் அந்தச் சிவப்பு வெள்ளை ஜெர்சியைப் போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வந்தான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

கையில் காசு இல்லாத காலம் அவர்களுக்கு. ஆள் வாங்க முடியாததால் வர்கனோர்ட் என்ற தங்கள் பயிற்சிக் கூடத்துப் பையன்களையே இறக்கினார்கள். நாலு வருடம் கழித்து 2014 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் வந்த நெதர்லாந்து அணியை எடுத்துப் பாருங்கள். டி ஃப்ரை, மார்ட்டின்ஸ் இந்தி, கிளாஸி, வெய்னால்டம், வான் பெர்சி... அங்கே வளர்ந்தவர்கள் எத்தனை பேர். வெய்னால்டம் பதினாறு வயதிலேயே முதல் அணியில் ஆடியவர். வறுமையிலும் ஒரு லாபம். பிஎஸ்விகாரனாக இதற்கு மேல் புகழ மாட்டேன்.

வெஸ்ட்லாந்துப் பொடியன்:

எனக்கு 2002. அப்போது பன்னிரண்டு வயது. அப்பா எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், தக்காளிக் கண்ணாடி வீட்டில் வேலை. அவருக்குக் கிரிக்கெட்தான் உயிர், நான்தான் பள்ளிக்கூடத்தில் தொற்றிய ஃபெயனோர்ட் வருத்தத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவன்.

மே 6, திங்கள். பின்னேரம் தொலைக்காட்சியில் செய்தி: பிம் ஃபோர்டௌனைச் சுட்டுவிட்டார்கள். ரோட்டர்டாம் அரசியல்வாதி, குடியேறிகள் வரவு போதும் என்று பேசி வாக்குச் சேர்த்தவர், பொதுத்தேர்தலுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. அப்பா முதலில் கேட்டது, "சுட்டது ஆர்?" அன்றைக்கு இந்த நாட்டில் எங்களைப்போல் இருந்த எல்லா வீட்டிலும் அந்தக் கேள்விதான். பிடிபட்டது ஒரு வெள்ளைக்கார டச்சுக்காரன், சூழலியல் ஆள் என்று தெரியவரும்வரை அம்மா யன்னல் சீலையைத் திறக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, 8ஆம் திகதி, டி கௌப்பிலேயே யூஃபா கோப்பை இறுதி ஆட்டம், ஜெர்மனியின் டோர்ட்முண்டோடு. ஆட்டத்துக்கு முதல் ஒரு நிமிட மௌனம். அவ்வளவு சனம் இருக்கிற இடத்தில் ஒரு சத்தமும் இல்லை, நான் தொலைக்காட்சி பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு டோர்ட்முண்டின் தடுப்பாட்டக்காரர் யூர்கன் கோலருக்குச் சிவப்பு அட்டை, பியர் வான் ஹோய்டொங்க் பெனால்டியில் ஒன்று, ஃப்ரீ கிக்கில் ஒன்று, தொமாசொன் ஒன்று. 3–2. அந்த அணியை யோசித்துப் பாருங்கள்: யப்பான்காரர் ஒனோ, டென்மார்க்காரர் தொமாசொன், ரோட்டர்டாமிலேயே பிறந்த பதினெட்டு வயது வான் பெர்சி. ஃபோர்டௌன் செத்த கிழமை அந்த ஊர் தலையில் தூக்கி வைத்தது இவர்களை. அப்பா அன்றைக்கு முதல்முறை முழு ஆட்டமும் இருந்து பார்த்தார். முடிந்ததும் "சரி, நல்லா விளையாடுறாங்கள்" என்றார், காலையில் ஐந்து மணிக்கு வேலை, படுக்கப் போய்விட்டார்.

ஆம்ஸ்டர்டாம்:

எல்லாம் சரி, அயாக்ஸின் பெரிய நட்சத்திரம் யோஹான் க்ரைஃபை யாரும் சொல்லவில்லையே! 1983இல் அயாக்ஸ் அவருக்கு வயதாகிவிட்டது என்று புது ஒப்பந்தம் தரவில்லை. மனுஷர் கோபத்தில் நேரே ஃபெயனோர்டுக்குப் போனார். செப்டம்பரில் அயாக்ஸ் இவர்களை 8–2 என்று வெளுத்தது, நாங்கள் சிரித்தோம் என்று என் டச்சு மாமனார் சொல்வார். சீசன் முடிவில் லீக், கோப்பை இரண்டும் ஃபெயனோர்டுக்கு. மாமனார் அந்தப் பகுதியை மட்டும் சொல்ல மாட்டார். இப்போது இரண்டு அணிகளும் மோதினால் வெளியூர் ரசிகர்களுக்கு அனுமதியே கிடையாது, 2009லிருந்து. அதனால் மருமகனாகிய நான் டி கௌப்பைப் பார்த்ததே இல்லை.

புதுசாகப் படிப்பவன்:

ஒரு சந்தேகம். சில இடத்தில் ஃபெயனோர்ட் என்ற பெயரை டச்சில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதே, இரண்டும் ஒன்றா? மைதானம் கிளப்புக்குச் சொந்தமா?

தெற்குக்கரை:

நல்ல கேள்வி, நானும் குழம்பினேன். ஃபெயனோர்ட் என்பது முதலில் பேட்டையின் பெயர். 1908இல் அங்கே ஒரு மதுக்கடையில் கூடிய பையன்கள் வில்ஹெல்மினா என்று ராணியின் பெயரை வைத்துத் தொடங்கினார்கள், இடையில் பெயர் மாறி மாறி 1912இல் பேட்டைப் பெயருக்கே வந்தது. டச்சில் 'ஐ'யும் 'ஜே'யும் சேர்ந்து வரும் எழுத்தை வெளிநாட்டுக்காரன் கண்டபடி உச்சரிக்கிறான் என்று எழுபதுகளில் கிளப் மட்டும் 'ஒய்' போட்டு மாற்றிக்கொண்டது. பேட்டையும் மைதானமும் இன்னும் பழைய எழுத்தில்தான். ஆமாம், மைதானம் தனிக் கம்பெனி, கிளப் வாடகைக்கு ஆடுகிறது. சொந்த வீட்டில் வாடகை கொடுக்கிற கதை! அமெச்சூர் பிரிவு வேறு தனியாக. ஐண்ட்ஹோவன் நண்பர் சொன்ன அந்தக் கஷ்டகாலத்தில் வசதியான ரசிகர்கள் கூட்டம் ஒன்று பணம் போட்டு 49 சதவீதப் பங்கை எடுத்துக் காப்பாற்றியது. பக்கத்தில் புதிதாகப் பெரிய மைதானம் கட்டும் திட்டம் 2022இல் கைவிடப்பட்டது, எங்கள் தெருவில் அதற்கு வருத்தப்பட்டவர் யாரும் இல்லை.

இந்தத் தெற்குக்கரையை வடக்கே இருப்பவர்கள் 'குடியானவன் பக்கம்' என்று சொல்வார்களாம். பிராபன்ட், ஸேலாந்து கிராமங்களிலிருந்து துறைமுகக் கூலிக்கு வந்தவர்கள் குடியேறிய இடம். பெரியவரின் அப்பாவும் ஸேலாந்து. வடக்கே வசதியானவர்களுக்கு ஸ்பார்டா என்ற கிளப் இருந்தது, இவர்களுக்கு இது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். 2023 மே 14, கோ அஹெட் ஈகிள்ஸோடு ஆட்டம், ஜெயித்தால் லீக். பெரியவருக்கு மூச்சுத் தொந்தரவு, சீட்டைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டு வீட்டு டிவியில் பார்த்தார், நானும் என் மனைவியும் துணைக்குப் போனோம். 3–0. தெருவில் பட்டாசு, ஹாரன், சிவப்புப் புகை. அவர் எழுந்து மெதுவாகக் கழிப்பறைக்குப் போனார். ரொம்ப நேரம் ஆயிற்றே என்று எட்டிப் பார்த்தேன், கதவு திறந்துதான் இருந்தது. பிறந்தநாள் காலண்டரைக் கழிப்பறைச் சுவரில் மாட்டுவது டச்சுக்காரர் வழக்கம். (கக்கூஸ் என்ற சொல்லையே அவர்கள்தான் நமக்குக் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கட்டும்.) மே மாதத் தாளில் 14க்கு நேரே யார் பெயரும் இல்லை. 1940 என்று இருந்தது. அதன் கீழே 2017. 1940இல் அந்தத் தேதியில்தான் ஜெர்மன் விமானங்கள் வடகரையில் நடு ஊரை எரித்தன, ஆறு வயதில் இந்தக் கரையிலிருந்து புகையைப் பார்த்தவர் அவர். 2017இல் பதினெட்டு வருடம் காத்திருந்து, டிர்க் கௌட் மூன்று கோல் போட்டு லீக் ஜெயித்ததும் அதே தேதி. மூன்றாவதாக எழுதப் பேனாவோடு நிற்கிறார், சுவரில் தலைகீழாக நிமிர்த்திப் பிடித்ததால் மை இறங்கவில்லை. என் மனைவி கைப்பையிலிருந்து பென்சில் எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் கோல்சிங்கல் சாலையில் ஊர்வலம். குண்டுக்குத் தப்பிய நகர்மன்றக் கட்டடத்தின் பால்கனியில்தான் ஆட்டக்காரர்கள் கோப்பையைத் தூக்கிக் காட்டுவார்கள். நான் போனேன், கூட்டத்தில் பால்கனியே தெரியவில்லை.

கப்பல்காரன், தூத்துக்குடி:

ஏப்ரலில் மறுபடி அந்தப் பக்கம் வருகிறோம், இந்தத் தடவை கையில் எட்டு மணி நேரம். அண்ணாச்சி, அந்த எதிர்வீட்டுப் பெரியவரிடம் சொல்லி வையுங்கள், ஊரிலிருந்து மக்ரூன் கொண்டு வருகிறேன்.