செலவில்லாத ஐசியூ ஒத்திகை: யோசனை சொல்லுங்களேன்

வணக்கம். சிறிய ஐசியூ ஒன்றில் பொறுப்புச் செவிலியராக இருக்கிறேன். சென்ற மாதம் ஓர் இரவு, வென்டிலேட்டரில் இருந்தவருக்கு ஆக்சிஜன் அளவு சட்டென்று இறங்கியது. மூச்சுக்குழாயில் வைத்த டியூப் நகர்ந்ததா, அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்ததா, கருவிக் கோளாறா என்று பார்க்க வேண்டும். அங்கிருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆனாலும் "யாராவது சக்‌ஷன் எடுங்க" (சளியை உறிஞ்சும் குழாய்) என்றதும் மூன்று பேர் ஒரே பக்கம் ஓடினோம். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பையை எடுக்க ஆளில்லை. நோயாளி பிழைத்துக்கொண்டார். எனக்குத்தான் இன்னும் மனது ஆறவில்லை.

அதனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், காலிப் படுக்கையில் பத்து நிமிட ஒத்திகை தொடங்கியிருக்கிறோம். பயிற்சிப் பொம்மை வாங்க வசதியில்லை. தலையணைதான் நோயாளி, மானிட்டர் எண்களை அட்டையில் எழுதிக் காட்டுகிறேன். பெயர் சொல்லி வேலை கொடுப்பது, கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்வது, செய்தபின் "முடிந்தது" என்று அறிவிப்பது, இவ்வளவுதான் பாடம். இதற்கே நல்ல பலன் தெரிகிறது.

சிக்கல் அதற்குப் பிறகு. உட்கார்ந்து பேசும்போது மருத்துவர் எதிரில் இளைய செவிலியர்கள் வாயே திறப்பதில்லை. குறை சொல்வதற்கல்ல என்று முதலிலேயே சொல்லியும் அதே மௌனம். நீங்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? பேச்சை மருத்துவரே தொடங்கினால் நல்லதா, கடைசியில் பேசினால் நல்லதா?

இன்னொன்று. இதயம் நின்றவருக்குச் செய்வதுபோல், நெஞ்சை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் அழுத்திப் பழக வேண்டும். தலையணையில் அந்த ஆழம் கைக்குப் பிடிபடவில்லை. கையிலிருக்கும் பொருட்களை வைத்து யாராவது ஏதாவது செய்திருந்தால் படத்தோடு போடுங்கள். அடுத்த ஒத்திகை வெள்ளிக்கிழமை.