ஊர்ல பழைய வீட்டை இடிக்கப்போறீங்களா? ரப்பிஷ் (இடிபாடு) எங்க போகுதுன்னு முதல்ல கேளுங்க

இங்கிலாந்துக்குப் புதுசா வந்திருக்கிற மன்னார்குடித் தம்பி கேட்டிருந்தார்: "சித்திரையில தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடிக்கிறோம். அப்பா மட்டும்தான் ஊர்ல. இடிபாட்டை அள்ள எவ்வளவு பணம் ஒதுக்கணும்?"

தம்பி, இங்க இருக்கிற கணக்கை அங்க போடாதீங்க. இங்க ஒரு சுவரை எடுத்தாலே ஸ்கிப் (இடிபாட்டைப் போடுற பெரிய இரும்புத் தொட்டி) வாடகை, அதைத் தெருவுல நிறுத்த கவுன்சில் அனுமதி, பிளாஸ்டர்போர்டை (ஜிப்சம் பலகை) தனியாப் பிரிக்கிற வேலைன்னு எல்லாமே செலவு. நம்ம பக்கம் நல்ல மரம் உள்ள வீடா இருந்தா, இடிக்கிறவரே உங்களுக்குப் பணம் கொடுப்பார். தேக்கு நிலை, கதவு, உத்தரம், முற்றத்துத் தூண், சீமை ஓடு, கருங்கல் படி எல்லாத்துக்கும் வாங்க ஆள் உண்டு. சுண்ணாம்புல கட்டின சுவர்னா செங்கல்கூட முழுசா வரும், தட்டினா காரை உதிர்ந்துடும். சிமென்ட்ல கட்டினதுல செங்கல்தான் உடையும்.

அதனால விலை பேசுறதுக்கு முன்னாடியே மரத்தையும் கல்லையும் ஒன்னொன்னா எழுதி, போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்க. "மொத்தமா எடுத்துக்கிறேன் பெரியவரே"ன்னு ஒரே தொகையில முடிக்கப் பார்ப்பாங்க. தூண் லாரி ஏறினப்புறம் பேசி என்ன பிரயோஜனம்?

மிச்சம் காரையும் உடைகல்லும் மண்ணும். டெல்டாவுல ஏது மலை? ஜல்லி புதுக்கோட்டைப் பக்கத்துல இருந்து வந்தாகணும். மனையெல்லாம் தாழ்வு, மண்ணு களி. அதனால ரப்பிஷுக்கும் கிராக்கி இருக்கு. அதே மனையில நீங்க கட்டப்போறீங்கன்னா ஒரு லோடுகூட வெளியில விடாதீங்க, பேஸ்மட்டத்தை (தரைக்குக் கீழ உயர்த்துற மேடை) நிரப்ப ஆகும். மரத்துண்டு, வேர், பிளாஸ்டிக் எல்லாம் பொறுக்கிடணும், மரம் கிடந்தா கரையான் வரும். அடுக்கடுக்கா கொட்டி, தண்ணி விட்டு, திமிசு போட்டு இறுக்கணும். ஒரேயடியா கொட்டி மேல தளம் போட்டா பின்னாடி தரை இறங்கும். (பேஸ்மட்டத்தை ரோட்டை விட நல்லா உயர்த்துங்க. பழைய தார் மேலயே புதுத் தார் போட்டு ரோடு ஏறிக்கிட்டே போற கதை தனியா பேசணும்.)

மாட்டுக்கொட்டகையில ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தா ஜேசிபி பக்கத்துல வரக்கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனா புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். பிரிட்டன்ல 1999லயே தடை பண்ணிட்டாங்க. நனைச்சு, உடையாம முழுசா இறக்கணும். நிரப்புற மண்ணோட கலக்கவே கூடாது.

எனக்கு ரொம்பக் கவலை வடிகாலைப் பத்தித்தான். "எங்கயாவது கொட்டிக்கிறேன் சார்"னு டிராக்டர்காரர் சொன்னா, அது பெரும்பாலும் கொல்லைக்குப் பின்னாடி ஓடுற வடிகால்தான். சித்திரையில காய்ஞ்ச பள்ளமாத்தான் தெரியும். நம்ம நிலம் தட்டை, தண்ணி ஓடவே வாட்டம் கம்மி. பத்து லோடு கொட்டினா போதும், ஐப்பசி கார்த்திகை மழையில மேல இருக்கிற வயல்ல சம்பா மூழ்கிடும். வழக்கு உங்க அப்பா வாசலுக்கு வரும். சட்டமும் வயல்காரங்க பக்கம்தான். 2016ல வந்த கட்டட இடிபாட்டுக் கழிவு விதிகள்லயே, ரோட்டுலயோ வடிகால்லயோ போய்ச் சேராமப் பார்த்துக்க வேண்டியது கழிவை உண்டாக்குறவர் பொறுப்புன்னு சொல்லியிருந்தாங்க. டிராக்டர்காரர் மேல தள்ளிவிட முடியாது.

சித்திரை நல்ல நேரம்தான். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 பாசனத்துக்குத் திறப்பாங்க, அதுக்குள்ள கடைசி லோடு போயிடணும்.

ஒப்பந்தத்தை வாய்ப்பேச்சா விடாதீங்க. எந்த மனையில கொட்டுறாங்க, அந்த மனைக்காரர் சம்மதம், ஒரு லோடுக்கு எவ்வளவு, எல்லாம் ஒரு தாள்ல வரட்டும். கொட்டுற இடத்துல இருந்து லொகேஷனோட போட்டோ வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. அப்பாவை வெயில்ல டிராக்டர் பின்னாடி அலைய விடாதீங்க, சித்தப்பா பையன் யாராவது பைக்ல போய்ப் பார்த்துட்டு வரட்டும். இடிபாடு அள்ளுற கூலியில கடைசித் தவணையை மனை சுத்தமான படம் வந்ததும் அனுப்புங்க.