ஊட்டிக் குளிரில் லைப்போ பேட்டரி: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். தம்பியின் ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் பொம்மை கார்) பேட்டரி, 3 செல் லைப்போ (லித்தியம் பாலிமர் வகை), லேசாக உப்பியிருக்கிறது. இனி சார்ஜ் போடப் போவதில்லை. கழற்றி, வீட்டுக்கு வெளியே மணல் போட்ட மண்சட்டியில் வைத்திருக்கிறோம். குப்பை வண்டியில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கலாம், அதனால் அந்த யோசனையே வேண்டாம். ஊட்டி, குன்னூர் பக்கம் இதை வாங்கிக்கொள்ளும் இடம் இருக்கிறதா? கோயம்புத்தூருக்குத்தான் போக வேண்டுமென்றால் எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோவது? கூட்டமான பஸ்ஸில், மலைப்பாதையில், அதை மடியில் வைத்துக்கொண்டு போக எனக்குத் தைரியம் இல்லை.

இன்னொரு சந்தேகம். ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து, செல் உள்ளேயே ஷார்ட் ஆகலாம் என்பது தெரியும். வெளியே ஓட்டிவிட்டு வந்ததும் எவ்வளவு நேரம் அறைக்குள் வைத்துவிட்டு சார்ஜ் போடுகிறீர்கள்? (அடுப்புப் பக்கம் வைக்கச் சொல்லும் பாட்டியை நான் சமாளித்துக்கொள்கிறேன்.)

புது பேட்டரியை ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்கிறோம். அப்புறம், கடையில் விற்கும் தீத்தடுப்புப் பை உண்மையிலேயே தாங்குமா? பயன்படுத்தியவர்கள் சொன்னால் வாங்கிவிடுவேன்.