மேலத்தெரு குடும்பக் குழு: வியாழக்கிழமை சர்தார் அண்ணனுக்காக

செவ்வாய்க்கிழமை

கதிரேசன், ஹவுன்ஸ்லோ, லண்டன் (காலை 7:12): எல்லோருக்கும் வணக்கம். எங்கள் பக்கத்து வீட்டுச் சர்தார் அண்ணன் நேற்று இரவு காலமாகிவிட்டார். வியாழக்கிழமை தகனம் முடிந்து குருத்வாராவில் பிரார்த்தனை நடக்கும். அதன் பிறகு ஹாக்கி சங்கத்தின் சார்பில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று அவருடைய மகள் கேட்டிருக்கிறாள். என்ன பேசலாம், யார் யார் வருகிறீர்கள் என்பதை இன்று மாலைக்குள் எழுதுங்கள். முழு வாக்கியத்தில் நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற நம் குழு விதி துக்கத்துக்கும் பொருந்தும். கைகூப்பும் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு நகர வேண்டாம்.

வள்ளியம்மாள், லெமிங்டன் (7:20): மனம் கனத்துப்போயிற்று, அண்ணாச்சி. நான் வருகிறேன்.

மீனா, கோவில்பட்டி (7:31): எங்கள் கடலை மிட்டாயைக் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்ற மனிதர். ஆழ்ந்த இரங்கல்கள், அத்தான்.

முருகையா, கோவில்பட்டி (7:33): நல்ல மனிதர். என் மட்டை அவர் வீட்டில்தான் இருந்தது.

கதிரேசன் (7:34): தம்பி, அந்தப் பேச்சை இன்றைக்கு எடுக்காதே.

அருண் (8:02): தாத்தா, என் பள்ளி ஹாக்கி குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. ‘1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற சீக்கிய வீரர் ஹவுன்ஸ்லோவில் மறைந்தார்’ என்று அதில் இருக்கிறது. இத்தனை நாள் நீங்கள் ஏன் சொல்லவில்லை?

செல்வி (8:04): எனக்கும் அது நான்கு பேரிடமிருந்து வந்துவிட்டது, அப்பா. பேச்சை அதிலிருந்தே தொடங்கிவிடலாமே.

கதிரேசன் (8:26): தொடங்கக் கூடாது. டோக்கியோவில் தங்கம் வென்றது இந்தியா. சர்தார் அண்ணன் நைரோபியில் பிறந்து வளர்ந்தவர். அவர் ஆடியிருந்தால் கென்யாவுக்குத்தான் ஆடியிருக்க முடியும். கென்யா அந்த ஆண்டு ஆறாவது இடத்தில் வந்தது. அந்த அணியிலும் அவர் இல்லை. நைரோபியின் சீக் யூனியன் மைதானத்தில், நான்கு ஒலிம்பிக்கில் ஆடிய அவதார் சிங் சோகல் போன்றவர்களுடன் பயிற்சிக்கு நின்றவர் என்பது மட்டுமே உண்மை. அதை அவரே சிரித்துக்கொண்டு, ‘பந்து பொறுக்கிப் போட்டேன்’ என்று சொல்வார். இல்லாத பதக்கத்தை இறந்தவர் கழுத்தில் மாட்டுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அருண், அந்தச் செய்தி தவறு என்று உன் குழுவில் இப்போதே எழுது.

அருண் (8:28): எழுதிவிட்டேன். ஆனால் ஒருவர், ‘1988 சியோல் இறுதிப் போட்டியில் இரண்டு கோல் போட்ட சீக்கியர் இவராக இருக்குமோ’ என்று கேட்கிறார்.

கதிரேசன் (8:41): இது இரண்டாவது தவறு. சியோலில் பிரிட்டன் மேற்கு ஜெர்மனியை 3-1 என்று வென்றபோது இரண்டு கோல் போட்டவர் இம்ரான் ஷெர்வானி. அவர் பாகிஸ்தானியக் குடும்பத்தில் வந்தவர். அந்த அணியில் இருந்த சீக்கியர் குல்பீர் பாவ்ரா. ஜலந்தரில் பிறந்தவர், ஆஸ்டர்லியில் இருக்கும் இந்தியன் ஜிம்கானா சங்கத்துக்காக ஆடியவர், 1984 லாஸ் ஏஞ்சலஸ் வெண்கலத்தையும் 1988 தங்கத்தையும் வென்றவர். 1920க்குப் பிறகு பிரிட்டனுக்கு ஹாக்கியில் கிடைத்த முதல் தங்கம் அதுதான். 1916இல் கிரிக்கெட்டுக்காகத் தொடங்கிய ஓர் இந்தியச் சங்கத்திலிருந்து ஒருவர் பிரிட்டனின் சட்டையை அணிந்து தங்கம் வாங்கிவந்த அந்த வாரத்தில், சர்தார் அண்ணன் எங்கள் தெரு முழுவதற்கும் லட்டு கொடுத்தார். அந்த லட்டை நான் பேச்சில் சொல்வேன்.

முருகையா (8:50): 1980 மாஸ்கோவில் நம் பாஸ்கரன் தலைமையில் இந்தியா வென்ற தங்கத்தையும் சொல்லுங்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் பெயராவது அந்த மண்டபத்தில் ஒலிக்கட்டும்.

கதிரேசன் (8:58): மாஸ்கோவுக்குப் பிரிட்டன் ஹாக்கி அணி போகவே இல்லை, தம்பி, புறக்கணித்துவிட்டது. அந்த ஆண்டு இங்கே பேச்செல்லாம், ஐரோப்பியச் சங்கங்களுக்கான கோப்பையை வென்ற, லண்டனுக்கு அருகில் உள்ள ஸ்லவ் ஊர் அணியைப் பற்றித்தான். அதிலும் பஞ்சாபிகள் ஆடினார்கள். பாஸ்கரனைப் பற்றி சர்தார் அண்ணனும் நானும் விடிய விடியப் பேசியிருக்கிறோம். ஆனால் இருப்பது ஐந்து நிமிடம்.

முருகையா (8:59): ஐந்து நிமிடத்தில் முடித்த வரலாறு உங்களுக்கு இல்லை.

வள்ளியம்மாள் (9:03): எங்கள் ஊரில் சீக்கியரின் கால்சா என்ற பெயரிலேயே ஹாக்கி சங்கம் இருக்கிறது, பர்மிங்காமில் பார்ஃபர்ட் டைகர்ஸ் இருக்கிறது. இந்தப் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி. நம் ஆட்கள் வரும் முன்பே அவர்கள் மைதானம் பிடித்துவிட்டார்கள்.

செல்வி (9:10): பெயர்ப் பட்டியலாகிவிடப் போகிறது, அப்பா. அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள்.

கதிரேசன் (10:37): செல்வி கேட்டதற்காகச் சற்று நீளமாக எழுதுகிறேன். எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள்.

கென்யாவில் ஆசியர்களின் குடியுரிமைச் சிக்கல் முற்றி, பிரிட்டன் 1968 மார்ச் மாதம் அவர்களுக்குக் கதவைச் சாத்தப் போகிறது என்று தெரிந்தவுடன், பிப்ரவரியில் கிடைத்த விமானத்தில் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வந்தவர் அவர். நான்கு ஆண்டுகள் கழித்து உகாண்டாவிலும் அதே கதை நடந்தது. உகாண்டாவின் ஹாக்கி அணி மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிக்கொண்டிருந்த அதே நாட்களில்தான் நாட்டை விட்டு வெளியேற அதிபர் இடி அமீன் ஆசியர்களுக்குக் கொடுத்த 90 நாள் கெடுவும் ஓடிக்கொண்டிருந்தது. இப்படி வந்திறங்கியவர்களில் நாட்டுக்காக ஆடியவர்களும் இருந்தார்கள், அவர்களுக்கு எதிரே நின்று பயிற்சி கொடுத்தவர்களும் இருந்தார்கள். இங்கே அவர்களுக்குக் கிடைத்தது வார்ப்படச் சாலையும் விமான நிலையச் சரக்குப் பிரிவும் இரவுப் பணியும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பணி முடித்து, இரண்டு மணி நேரம் தூங்கி, மதியம் சேற்றில் இறங்கி ஆடினார்கள்.

நான் 1973இல் அதே சரக்குப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். ‘மதராஸ்காரனுக்கு ஹாக்கி தெரியுமா’ என்று சர்தார் அண்ணன் கேட்டார். ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டி என்றேன். அந்த ஊர்ப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை மூன்றாம் அணியில் ஒரு இடம் காலியாக இருந்தது.

இங்கே அப்போது ஆடிய ஆட்டம் வேறு. ஈரப் புல்லில் பந்து நகராது. ஆகவே ஓங்கி அடித்துவிட்டு அதன் பின்னால் ஓடுவார்கள். மட்டையின் வளைவும் முன்பெல்லாம் நீளமாக இருந்ததாம். பஞ்சாபில் கட்டாந்தரையில் ஆடியவர்களின் மட்டைக்கு வளைவு குட்டை. அதைச் சட்டென்று திருப்பிப் பந்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் தட்டிக்கொண்டே போகலாம். சர்தார் அண்ணன் முதல் குளிர்காலம் முழுவதும் சேற்றில் பந்தைத் தொலைத்தார். இரண்டாம் ஆண்டில், பந்தை மட்டையால் லேசாகக் கோதித் தூக்கி, சேற்றைத் தாண்டிப் போட்டு ஆடப் பழகிவிட்டார். எங்கள் சங்கத்து வெள்ளைக்காரப் பையன்கள் அதை அவரிடம் கற்றார்கள். அந்தப் பையன்களிடம் அவர்கள் பிள்ளைகள் கற்றார்கள்.

அவர் முதல் அணியில் ஆடியது ஆறு ஆண்டுகள்தான். அதன் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஆள் குறைந்த அணி எதுவோ அதில் ஆடினார். வெள்ளிக்கிழமை இரவு ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் கூப்பிட்டுப் பதினோரு பேரைச் சேர்ப்பது, கோடு போடும் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளுவது, நடுவர் வராத நாளில் ஊதலை எடுத்துக்கொண்டு நிற்பது எல்லாம் அவர்தான். ஆட்டம் முடிந்ததும் எதிரணிக்குத் தேநீர் கொடுக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம். காய்ந்த சாண்ட்விச்சுக்குப் பதிலாக அவர் மனைவி பராத்தாவும் ஊறுகாயும் கொடுத்தனுப்பத் தொடங்கினார். அதன் பிறகு எங்களிடம் தோற்பதற்கு யாரும் வருத்தப்பட்டதில்லை. இத்தகைய மனிதர்கள் சௌத்தாலிலும் ஸ்லவிலும் பர்மிங்காமிலும் இல்லாமல் போயிருந்தால் பல சங்கங்கள் இரண்டாம் அணியோடு நின்றிருக்கும். பாவ்ரா போன்ற ஒருவர் மேலே போவதற்குக் கீழே மூன்று அணிகள் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். நான் பேசப்போவது இதுதான்.

அருண் (10:52): முழுவதும் படித்தேன், தாத்தா. அவர் தலைப்பாகையோடு ஆடுவாரா?

கதிரேசன் (11:05): முழுத் தலைப்பாகை இல்லை. கூந்தலை உச்சியில் முடிந்து பட்கா என்ற சிறு துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வார். தொல்லை வந்தது, சீக்கியர்கள் சமய அடையாளமாகக் கையில் போடும் கடா என்ற இரும்பு வளையத்தால்தான். வெளியூர்ச் சங்கம் ஒன்றில், பெயர் வேண்டாம், ‘நகையைக் கழற்றினால்தான் ஆடலாம்’ என்று நடுவர் சொன்னார். இது நகை இல்லை என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் என்னை இழுத்து நிறுத்திவிட்டு, காலுறையின் மேற்பகுதியைக் கத்தரித்து மணிக்கட்டில் மாட்டிக் கடாவை மூடிக்கொண்டு, ‘இப்போது தெரிகிறதா?’ என்று நடுவரிடம் கேட்டார். நடுவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு கோல் போட்டார். ஒற்றைக் காலுறையோடு வீடு திரும்பினார்.

மீனா (11:20): அதைக் கட்டாயம் சொல்லுங்கள், அத்தான். சாவு வீட்டில் ஒரு சிரிப்பாவது வேண்டும்.

முருகையா (11:24): 1986ஐச் சொல்வீர்களா?

கதிரேசன் (11:40): வில்ஸ்டன் உலகக் கோப்பையைச் சொல்கிறாய். சொல்ல மனம் வரவில்லை. லண்டனிலேயே நடந்ததால் விடுப்பு எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். இந்தியா பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தது, பாகிஸ்தான் பதினொன்று. இங்கிலாந்து இறுதி ஆட்டம் வரை போய் ஆஸ்திரேலியாவிடம் 2-1 என்று தோற்றது. மைதானம் முழுவதும் செயற்கைப் புல்தரை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கிலேயே அது வந்து நம் ஆட்டத்தைக் கலைத்துப் போட்டிருந்தது. 1948 ஒலிம்பிக்கில் இதே லண்டனில், வெம்ப்ளியில், பல்பீர் சிங் இரண்டு கோல் போட்டு இந்தியா 4-0 என்று பிரிட்டனை வென்ற கதையைச் சொல்லிச் சொல்லிச் சர்தார் அண்ணனை வளர்த்திருந்தார் அவர் தகப்பனார். திரும்பும் ரயிலில் நெடுநேரம் பேசாமல் வந்தார். பிறகு, ‘ஞாயிற்றுக்கிழமை பதினான்கு வயதுப் பையன்களுக்குப் பயிற்சி இருக்கிறது, மறந்துவிடாதே’ என்றார்.

வள்ளியம்மாள் (11:52): தன் அணி எந்த அணி என்று அவர் மனத்துக்குள் குழப்பமே இல்லை போலிருக்கிறது.

செல்வி (12:15): அவர் மகள் இப்போதுதான் கூப்பிட்டாள். வாகனக் கொட்டகையில் ஒரு பழைய மரமட்டை கிடைத்திருக்கிறதாம். பெட்டியின் மேல் வைக்கலாமா, சங்கத்துச் சுவரில் மாட்டலாமா என்று அப்பாவிடம் கேட்கச் சொன்னாள். படம் அனுப்பியிருக்கிறாள், பாருங்கள்.

முருகையா (12:17): அது என்னுடைய மட்டை.

மீனா (12:18): தொடங்கிவிட்டார்.

முருகையா (12:30): அருணுக்குத் தெரியாது என்பதற்காக எழுதுகிறேன். 1973இல் மாவட்ட அணித் தேர்வுக்கு எனக்கு அப்பா வாங்கிக் கொடுத்த ஜலந்தர் மட்டை அது. அண்ணாச்சி லண்டன் புறப்பட்ட இரவில் அதுவும் புறப்பட்டுவிட்டது. நான் இரவல் மட்டையோடு தேர்வுக்குப் போனேன். முடிவு எல்லோருக்கும் தெரியும்.

கதிரேசன் (12:49): தம்பி, ஐம்பது ஆண்டுகளாக நான் அதை மறுக்கவில்லை. என் மூன்றாவது ஆட்டத்திலேயே அது பிளந்தது. தூக்கி எறியப் போனேன். சர்தார் அண்ணன் தன் சமையலறை மேசையில் அதைக் கிடத்தி, பிளவுக்குள் பசையை ஊற்றி, மெழுகு பூசிய நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சுற்றுக்குச் சுற்று இறுக்கி ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்குக் கட்டினார். இது யாருடையது என்று கேட்டார். சொன்னேன். ‘அப்படியென்றால் இது உன்னிடம் இருக்கக் கூடாது’ என்று வாங்கித் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். ஆள் குறைந்த நாளில் மட்டை இல்லாமல் வரும் பையன்களுக்கு அதைத்தான் கொடுப்பார். எத்தனை பேர் அதைப் பிடித்து ஆடினார்கள் என்று எனக்குக் கணக்குத் தெரியாது.

அருண் (12:55): நானும் அதில் ஆடியிருக்கிறேன், சின்னத் தாத்தா. ஆறு வயதில். மிகவும் கனமாக இருந்தது.

முருகையா (1:21): கனமாகத்தான் இருக்கும். முசுக்கொட்டை மரம்.

வள்ளியம்மாள் (1:30): பெட்டியோடு எரித்துவிட வேண்டாம். சங்கத்தில் மாட்டச் சொல்லுங்கள்.

செல்வி (1:34): தகனத்துக்கு முன் எடுத்துவிடலாம் என்கிறாள். சித்தப்பா கேட்டால் ஊருக்கு அனுப்பிவைக்கவும் அவளுக்குச் சம்மதம்.

முருகையா (1:52): முதலில் ஒன்றைப் பார்த்துச் சொல்லுங்கள். வளைவுக்குச் சற்று மேலே, உட்புறத்தில், கத்தியால் கீறிய ‘மு’ இருக்கிறதா?

கதிரேசன் (2:10): நூல் சுற்றியிருப்பது சரியாக அந்த இடத்தில்தான். பிரித்தால்தான் தெரியும். அவர் கட்டியதை நான் பிரிக்க மாட்டேன்.

முருகையா (2:26): பிரிக்க வேண்டாம்.

மீனா (2:31): ஐந்து கிலோ கடலை மிட்டாய் இன்றே கூரியரில் போட்டால் வியாழனுக்குள் வந்து சேருமா? தலையை மூட எந்த நிறத் துணி வேண்டும் என்று வள்ளி மதினி கேட்டாரே, யாராவது சொன்னீர்களா?

வள்ளியம்மாள் (2:33): நான் கேட்கவே இல்லை. ஆனால் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு என்றும் அண்ணாச்சி இன்னும் எழுதவில்லை.