மறு: 'விழிப்புள்ளி வீக்கம்' சரிவருமா?

ஐயா, வணக்கம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கான கண்புரைக் கையேட்டுக்கு நீங்கள் அனுப்பிய சொற்பட்டியலைப் பார்த்தேன். 'இன்ஃப்ளமேஷ'னுக்கு 'அழற்சி' அருமை. அழல் என்றால் நெருப்பு. கண் எரியுது, சிவந்திருக்குது என்று வருபவருக்குச் சட்டென்று பிடிபடும். 'மாகுலார் எடிமா'வுக்கு (விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் நீர் தேங்குவது) 'விழிப்புள்ளி வீக்கம்' என்று போட்டிருக்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

தண்டையார்பேட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். காசிமேட்டில் மீன் விற்கும் அம்மா ஒருவர் போன மாதம் வந்தார். இருபது வருடச் சர்க்கரை. லென்ஸ் வைத்து ஐந்து வாரம். "மொதல்ல நல்லாத்தான் தெரிஞ்சுது தம்பி. இப்போ ஜன்னல் கம்பி நெளிஞ்சு தெரியுது, நடுவுல பொகை மூடுனாப்ல இருக்குது" என்றார். கண் வெளுத்துவிட்டதே என்று சொட்டுமருந்தை இரண்டாம் வாரமே நிறுத்தியிருக்கிறார். கையில் கொடுத்தனுப்பிய தாளில் 'வீக்கம் ஏற்பட்டால் உடனே வரவும்' என்று இருந்தது. "தெனமும் கண்ணாடியில பாத்தேன், வீக்கமே இல்லியே!"

அவர் மேல் என்ன தப்பு? வீக்கம் என்றால் நமக்கு இமை புடைப்பதுதான். உடனே மருத்துவரிடம் போகச் சொன்னேன். அப்புறம் ஸ்கேன் படத்தைக் கொண்டுவந்து காட்டினார்: விழித்திரையின் நடுவே ஜவ்வரிசி கோத்ததுபோலக் கறுப்பு கறுப்பாய் நீர்ப்பைகள். வலி கிடையாது, சிவப்பும் கிடையாது. அறுவை முடிந்த நாலு முதல் ஆறு வாரத்தில்தான் இது பெரும்பாலும் தலைகாட்டும். 1953இல் இர்வைன் என்ற கண் மருத்துவர் விவரித்தது, 1966இல் காஸ் என்ற இன்னொருவர் இரத்தத்தில் சாயம் ஏற்றி எடுத்த படத்தில் பூவிதழ்போலக் காட்டியது இதைத்தான்.

அறுவையின்போது கண்ணுக்குள் வெளிப்படும் புரோஸ்டாகிளாண்டின் என்ற அழற்சிப் பொருள், நுண் இரத்தக்குழாய்ச் சுவரைக் கசியவிடுகிறது. சர்க்கரையில் ஏற்கெனவே நைந்த சுவர் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சொட்டோடு, புரோஸ்டாகிளாண்டின் உண்டாவதைத் தடுக்கும் நெபாஃபெனாக் மாதிரி இன்னொரு சொட்டையும் எழுதுகிறார்கள். ஐரோப்பாவில் சர்க்கரை உள்ளவர்களுக்கு நெபாஃபெனாக்கை 60 நாள் வரை போட ஒப்புதல் இருக்கிறது. (இரண்டையுமே குலுக்கித்தான் போட வேண்டும். கையேட்டில் அந்த வரி இல்லை, சேர்த்துவிடுங்கள்.) புரோஸ்டாகிளாண்டினைத் தமிழாக்க வேண்டாம். புரோஸ்டேட்டில் சுரப்பதாக நினைத்து வைத்த பெயர் அது; உடம்பெங்கும் உண்டாகிறது. அந்தப் பிழையை நாம் ஏன் தமிழிலும் தூக்கிச் சுமக்க வேண்டும்?

சரி, எடிமாவுக்கு வருகிறேன். 'கால்ல நீர் கோத்திருக்கு' என்று எங்கள் பக்கம் சொல்லாத வீடில்லை. சொல் அங்கேயே இருக்கிறது. ஆனால் 'நீர்க்கோப்பு' என்றால் குடிநீர் வாரியத்து ஃபைல் மாதிரி இருக்கும். 'நீர்க்கோவை'யைத் தலைபாரம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. 'நீர்கோத்தல்' என்றே வைக்கலாம். மாகுலாவுக்கு 'மஞ்சள் புள்ளி' வேண்டவே வேண்டாம், காமாலையா என்று கேட்பார்கள். 'விழிநடு' என்றால் கண்ணின் பாப்பாவைத் தொட்டுக் காட்டுவார்கள். என் பரிந்துரை: திரைநடு நீர்கோத்தல்.

எந்தச் சொல் நின்றாலும், கையேட்டில் 'வீக்கம் ஏற்பட்டால்' என்பதை எடுத்துவிட்டு, 'நேர்க்கோடு நெளிந்து தெரிந்தால், நடுவில் மங்கினால்' என்று போடுங்கள்.

*

தம்பிக்கு,

திரைநடு எனக்குச் சம்மதம். நீர்கோத்தலில் ஒரு தயக்கம்: கிளாக்கோமாவைக் 'கண் நீர் அழுத்தம்' என்கிறோம், இரண்டு நீரும் குழம்பாதா? சேர்ந்தே வருவதால் 'திரைநடு' காப்பாற்றும் என்று நினைக்கிறேன். 'நீர்க்கோத்தல்' என்று ஒற்றுப் போட வேண்டாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். நீரே கோத்துக்கொள்கிறது, அது எழுவாய், வலி மிகாது. நீர்ப்பை நீர்ப்பையாய் இருப்பதைச் சொல்லும் 'சிஸ்டாய்டு'க்கு இன்னும் சொல் அகப்படவில்லை. அந்த ஜவ்வரிசியை வைத்து ஏதாவது தேறுமா, யோசியுங்கள்.