எலி அறைக்குள் விழும் வெளிச்சம், மருந்தை மாற்றுமா?

காரைக்குடிப் பையன்:
பார்மசி கடைசி வருஷம். எலிக்குப் பென்டோபார்பிட்டல் போட்டு எத்தனை நிமிஷம் தூங்குகிறது என்று எழுதுகிறோம். போன மாதம் ஒரு கணக்கு, இந்த மாதம் வேறு. வராண்டா டியூப்லைட் இப்போது இரவெல்லாம் எரிகிறது. கதவடி இடுக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் நேராகக் கூண்டில் விழுகிறது. அதனால் இருக்குமா?

கானாடுகாத்தான் வாசி:
சாக்குச் சொல்லாதே தம்பி. மருந்து போடாத எலிக்கும் அதே வெளிச்சம்தானே, இரண்டையும் ஒப்பிட்டால் அதன் பாதிப்பு கழிந்துவிடும். எங்கள் வளவில் விடிய விடிய விளக்கு எரிகிறது, எலி பாட்டுக்கு ஓடுகிறது. கூண்டில் போடும் மரத்தூளை மாற்றினீர்களா? செடார் மரச் சீவல் கல்லீரல் நொதியைத் தூண்டிவிட்டுத் தூக்கத்தைக் குறைக்கும் என்று 1967-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

காரைக்குடிப் பையன்:
எப்போதும் போடும் உமிதான் அண்ணே.

தேவகோட்டைக்காரி:
உங்கள் வளவு எலி வெளிச்சம் பிடிக்காவிட்டால் சாக்கு மூட்டைக்குள் போய்விடும். கூண்டு எலி எங்கே போகும்? மருந்தை உடைக்கும் கல்லீரல் நொதியே நேரம் பார்த்து ஏறி இறங்குகிறது. எலிக்கு அது இரவில் மும்முரம், அப்போது ஹெக்சோபார்பிட்டல் என்ற தூக்க மருந்து போட்டால் தூங்குவது குறைவு. உடம்புக்குள் இருக்கும் அந்தக் கடிகாரத்துக்கு நேரம் சொல்வதே வெளிச்சம்தான். மாறுவது மருந்தின் வேலை. மருந்தே போடாத எலியை வைத்து அதை எப்படிக் கழிப்பீர்கள்?

2014-இல் வந்த ஆய்வைப் பாருங்கள். மனித மார்பகப் புற்றுக்கட்டி வைத்த எலிகளுக்கு இரவில் வெறும் 0.2 லக்ஸ் மங்கல் வெளிச்சம். இருட்டில் சுரக்கும் மெலடோனின் ஹார்மோன் குறைந்தது, மார்பகப் புற்று மருந்தான தமாக்சிஃபெனுக்குக் கட்டி மசியவில்லை. இரவில் மெலடோனினைத் திருப்பிக் கொடுத்ததும் மருந்து கேட்டது.

கானாடுகாத்தான் வாசி:
புற்றுக்கட்டி வேறு, தூக்க மருந்து வேறு ஆச்சி. அப்படியானால் இத்தனை வருஷமாகப் பகலில் எலிக்கு ஊசி போட்டதெல்லாம் வீணா?

தேவகோட்டைக்காரி:
எல்லாம் இல்லை. ஆனால் பக்கவாதத்தில் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. எலிக்குப் பகல் என்பது நமக்கு நடுராத்திரி மாதிரி, தூங்கும் நேரம். மூளையைக் காக்கும் 3 சிகிச்சைகள் எலிக்குப் பகலில் பலித்தன, இரவில் பலிக்கவில்லை என்று 2020-இல் நேச்சர் இதழில் வந்தது. மனிதரிடம் அவை தோற்றதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

கானாடுகாத்தான் வாசி:
சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். அதற்காக ராத்திரி இரண்டு மணிக்கு யார் போய் ஊசி போடுவது?

தேவகோட்டைக்காரி:
யாரும் போக வேண்டாம். எலி அறை விளக்கின் டைமரைத் திருப்பி வையுங்கள்: இரவில் 12 மணி நேரம் விளக்கு, பகலில் இருட்டு. ஓரிரு வாரத்தில் எலி பழகிவிடும். பகலில் மங்கலான சிவப்பு விளக்கில் வேலை பார்க்கலாம், அதன் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது.

காரைக்குடிப் பையன்:
இன்று கதவடியில் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டிவிட்டேன் அக்கா. வாட்ச்மேன் ஜன்னல் வழியே டார்ச் அடித்துப் பார்ப்பாரே, அதற்கு என்ன செய்ய?